சாமுவேல் அல்சொப்

சாமுவேல் அல்சொப் (ஆகஸ்ட் 12, 1780 - பெப்ரவரி 26, 1838) இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில், டிரென்ட் ஆற்றங்கரையில் அமைந்துள்ள பர்ட்டன் நகரைச் சேர்ந்த பியர் ஆலை உரிமையாளர் ஆவார். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்களுக்காகக் காய்ச்சப்பட்டு, பின்னர் இந்தியா பேல் ஏல் (சுருக்கமாக ஐபிஏ) எனப் பெயர் பெற்ற கசப்பு மிகுந்த வெளிர்நிறப் பியரைப் பர்ட்டன் நகரில் முதலில் காய்ச்சியவராக இவர் அறியப்படுகிறார். இவரது சோதனைப் பியர் ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சப்பட்டது என்னும் கதை பியரின் வரலாற்றில் மிகவும் பரவலாகச் சொல்லப்படும் கதைகளுள் ஒன்றாகும்.

ஐபிஏயைக் கண்டுபிடித்தவர் என்று இவரைச் சிலர் குறிப்பிடுவதுண்டு. அது சரியன்று. இலண்டன் நகரின் கிழக்கே போ என்னுமிடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை, அல்சொப்புக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இத்தகைய பியரை இந்தியாவுக்கு அனுப்பி வந்தது. தம் ஊருக்கும் தம் நாவுக்கும் பழக்கமில்லாத ஒரு சுவையை, வேறு வழியில்லாத நிலையில், பிறருக்காகக் காய்ச்சக் கற்றுக்கொண்டதே அல்சொப் செய்த பணியாகும்.

பிறப்பும் குடும்பமும்

அல்சொப்பின் தந்தை ஜேம்ஸ் அல்சொப், தாய் ஆன் வில்சன். அல்சொப் குடும்பத்தினர் அண்டையிலுள்ள டார்பிஷயர் பகுதியில் நிலவுடைமை கொண்டிருந்த பழங்குடும்பத்தினர். வில்சன் குடும்பத்தினர் பர்ட்டனில் பியர் ஆலை நடத்தியவர்கள். 1740களில் பெஞ்சமின் வில்சன் என்பவர் தொடங்கிய அந்த ஆலை, அதே பெயர் கொண்ட அவருடைய மகனின் காலத்தில் நகரின் முதன்மையான ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. சாமுவேல் இந்த இளைய பெஞ்சமின் வில்சனின் மருமகன் (உடன்பிறந்தாள் மகன்) ஆவார். தாய்மாமனிடம் தொழில் பயின்ற இவர், 1807 ஆம் ஆண்டில் ஆலையை அவரிடமிருந்து விலைக்கு வாங்கித் தாமே உரிமையாளரானார். அப்போது இவருக்கு வயது 26 அல்லது 27.

இவர் பிரான்சிசு ஃபௌலர் என்பவரை மணந்தார். இவர்களுடைய மக்களுள் சார்லசு, ஹென்றி ஆகியோர் பின்னாளில் தொழிலை ஏற்று நடத்தினர்.

பர்ட்டன் நகரில் பியர் காய்ச்சுதல் மிகப் பழைய தொழிலாகும். 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நிறுவப்பட்ட பெனடிக்டின் துறவிமடத்தின் காலத்திலிருந்தே அந்நகரின் பியர் பெயர் பெற்றிருந்தது. எனினும் நகரம் வெளிநாட்டு வணிகத்தில் இறங்கியது டிரென்ட் ஆறு படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாகச் சீரமைக்கப்பட்ட 18 ஆம் நூற்றாண்டில்தான். ஆற்றின் வழியே ஹல் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கடல் வழியே பால்டிக் கரை நாடுகளுக்கும் பீப்பாய்கள் சென்றன. 1777 ஆம் ஆண்டில் டிரென்ட் - மெர்சி கால்வாய் கட்டி முடிக்கப்பட்டபோது மேற்கே லிவர்ப்பூல் துறைமுகத்துக்கும் நீர்வழி கிடைத்தது. இக்கால்வாய் பியருக்காக வெட்டப்பட்டதன்று என்பது குறிப்பிடத்தக்கது. அதே டிரென்ட் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஸ்டோக் வட்டாரம் இங்கிலாந்தின் பீங்கான் தொழில் மையமாகும். அங்கிருந்த பீங்கான் உற்பத்தியாளரான ஜோசையா வெட்ஜ்வுட், உடையும் பொருள்களை மண் சாலையில் வண்டியேற்றி அனுப்பிச் சலித்துப்போய், இக்கால்வாய்க்காகப் பெரிதும் பாடுபட்டார். அதன் பயனைப் பர்ட்டனின் பியர் ஆலைகளும் பெற்றன.

பால்டிக் வணிகம்

அல்சொப் விலைக்கு வாங்கிய ஆலையின் வருவாயில் பெரும்பகுதி உருசியாவையும் பிற பால்டிக் நாடுகளையும் நம்பியிருந்தது. அங்கு விரும்பப்பட்ட பர்ட்டன் ஏல் கரிய பழுப்பு நிறமும் மிகுந்த இனிப்பும் கொண்ட, போதை கூடிய பியராகும். அதன் மதுசார அளவு நூற்றுக்குப் பத்துப் பங்கை எட்டியிருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. குளிரூட்டும் இயந்திரங்கள் இல்லாத அக்காலத்தில் பியர் பெரும்பாலும் குளிர்மாதங்களிலேயே காய்ச்சப்பட்டது. பால்டிக் கடலில் உறைபனி உருகும் வேளையில் கப்பல்கள் புறப்படும். திரும்பும் கப்பல்களில் பீப்பாய் செய்வதற்கான ஓக் மரப்பலகைகள் வரும். பியர் கொண்டுசென்ற கடல்வழியே பீப்பாய்க்கான மரமும் வந்ததால், அவ்வழி அடைபட்டால் ஆலைக்கு இரட்டை இழப்பு ஏற்படும் நிலை இருந்தது.

அல்சொப் உரிமையாளரான ஆண்டிலேயே அந்த இழப்பு நேர்ந்தது. பிரித்தானியப் பொருள்களுக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை மூடும் ஆணையை நெப்போலியன் 1806 ஆம் ஆண்டின் இறுதியில் பிறப்பித்திருந்தார். 1807 ஆம் ஆண்டு டில்சிட் உடன்படிக்கையின்படி உருசியாவும் அத்தடையில் சேர்ந்துகொண்டது. பர்ட்டனில் பல ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. அல்சொப் உள்நாட்டு விற்பனையைக் கொண்டு தாக்குப்பிடித்தார்.

போர் முடிந்தபின் வணிகம் ஓரளவு மீண்டாலும் பழைய நிலையை அடையவில்லை. பின்னர் 1822 ஆம் ஆண்டில் உருசிய அரசு, ஆங்கில ஏல் வகையை இறக்குமதி செய்ய இயலாத அளவுக்குச் சுங்கத் தடையை விதித்தது. போர்ட்டர் என்னும் கறுப்புப் பியருக்கு இத்தடை இல்லை. ஆனால் அது இலண்டன் ஆலைகளின் பொருள், பர்ட்டனின் பொருளன்று. நாற்பத்திரண்டு வயதில் அல்சொப்பின் கையில் எஞ்சியிருந்தவை ஒரு பெரிய ஆலையும், அதில் உருசியர்களின் நாவுக்கேற்ற இனிப்புப் பியரைக் காய்ச்சத் தெரிந்த தொழிலாளர்களுமே.

ஹாட்ஜ்சன் பியர்

ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 1752 ஆம் ஆண்டில் போ பகுதியில் பியர் தொழிலில் இறங்கினார். அவருடைய ஆலை ஒன்றும் பெரியதன்று. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நங்கூரமிடும் பிளாக்வால் துறைக்கு அது மிக அருகில் இருந்தது. கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களும் அதிகாரிகளும் தம் சொந்தக் கணக்கில் குறிப்பிட்ட அளவு சரக்கை ஏற்றிச்சென்று விற்க உரிமை பெற்றிருந்தனர். ஹாட்ஜ்சன் அவர்களுக்கு 18 மாதக் கடனில் பியர் கொடுத்தார். போய்த் திரும்பி, விற்ற பணத்தைக் கொண்டு கடனை அடைக்கலாம் என்பதால் கப்பல் தலைவர்கள் வேறு ஆலையைத் தேடவில்லை. சென்னையிலும் கல்கத்தாவிலும் பியர் என்றாலே ஹாட்ஜ்சன் என்னும் நிலை இவ்வாறு உருவானது.

அவருடைய பியர் நெடும்பயணத்துக்கென்றே தனியாகக் கண்டறியப்பட்டது என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியரில் ஹாப்ஸ் கூடுதலாக இடவேண்டும் என்பது 1760களிலேயே ஆங்கிலப் பியர்த் தொழிலில் தெரிந்த செய்தியே. அறுவடைக்குப் பின் அக்டோபர் மாதத்தில் காய்ச்சி, நாட்டுப்புற மாளிகைகளின் நிலவறைகளில் ஓரிரு ஆண்டுகள் முதிரவைக்கப்பட்ட வெளிர்நிறப் பியரை ஒட்டியே இதுவும் அமைந்தது. நிலவறையில் நீண்ட காலம் நடைபெறும் முதிர்ச்சி, கப்பலின் வெப்பத்திலும் ஆட்டத்திலும் சில மாதங்களிலேயே நிகழ்ந்துவிட்டது.

1820களின் தொடக்கத்தில் ஆலையை நடத்திய பிரெடெரிக் ஹாட்ஜ்சனும் அவருடைய பங்காளி தாமசு டிரேனும் பேராசைக்கு ஆளாயினர். கடன் வழங்குவதை நிறுத்திக் கைப்பணம் கேட்டனர். விலையை உயர்த்தினர். அத்துடன் நில்லாமல் கப்பல் தலைவர்களை விலக்கிவிட்டுத் தாமே இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்து விற்கவும் தொடங்கினர். வேறு யாரேனும் பியர் அனுப்பினால், சந்தையில் தம் சரக்கைக் குவித்து விலையை வீழ்த்திப் போட்டியாளரை நட்டப்படுத்துவதும், அவர் ஒதுங்கியபின் விலையை ஏற்றுவதும் அவர்களின் வழக்கமாயிருந்தது. இதனால் கம்பெனியைச் சேர்ந்த பலரின் பகையை அவர்கள் தேடிக்கொண்டனர்.

தேநீர்க் கெண்டி

1822 ஆம் ஆண்டில் அல்சொப் இலண்டனில் கேம்பல் மார்ச்பேங்க்ஸ் என்பவரின் வீட்டில் விருந்துண்டார். மார்ச்பேங்க்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவர். பலமுறை அதன் தலைவராகவும் இருந்தவர். உருசிய வணிகம் போனதைப் பற்றி அல்சொப் வருந்தியபோது, இந்தியச் சந்தையை ஏன் முயன்று பார்க்கக்கூடாது என அவர் கேட்டதாகவும், உருசிய வணிகத்தைப் போல ஓர் அரசரின் ஆணையால் அது ஒரே நாளில் அற்றுப்போகாது என எடுத்துச் சொன்னதாகவும் கூறப்படுகிறது. ஹாட்ஜ்சன் பியர் பற்றி அல்சொப் அதற்குமுன் அறிந்திருக்கவில்லை. மாதிரிக்காக அப்பியர்ப் புட்டிகள் அவருக்குத் தரப்பட்டன.

ஊர் திரும்பிய அல்சொப், ஆலையில் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த வாற்கோதுமை) தயாரிப்புக்குப் பொறுப்பாயிருந்த ஜோப் குட்ஹெட் என்பவரை அழைத்து அப்பியரைச் சுவைக்கக் கொடுத்தார். இனிப்பையும் கனத்தையும் நல்ல பியரின் அடையாளமாகக் கொண்டிருந்த பர்ட்டன் நாவுக்கு அது பெரும் அதிர்ச்சியாக இருந்தது. சுவைத்தவர் வாயில் வைத்ததும் துப்பிவிட்டார் என்பது கதை. துப்பியவர் குட்ஹெட் என்று சிலரும் அல்சொப்பே என்று சிலரும் கூறுவர். ஆனால் அத்தகைய பியரைக் காய்ச்ச முடியுமா என்ற கேள்விக்குக் குட்ஹெட் முடியும் என்றே விடையளித்தார். மால்ட்டை வழக்கத்தைவிட இளஞ்சூட்டில், நிறம் ஏறாமல் காயவைத்து, ஒரு தேநீர்க் கெண்டியில் சிறிதளவு காய்ச்சிச் சோதித்தார். பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஸ்டாஃபர்ட்ஷயரில் சோதனைக்கலமாகக் கெண்டி அகப்பட்டதில் வியப்பில்லை.

அக்கசப்பு வெறும் சுவைக்குறை அன்று என்பதை விளக்குவது இங்கு பொருத்தமாகும். ஹாப்ஸ் என்பது கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பல்லாண்டுக் கொடி. அதன் பெண்பூக் கூம்புகளில் மஞ்சள் நிறப் பொடியாகக் காணப்படும் சுரப்பிகளில் பிசினும் நறுமண எண்ணெய்களும் உள்ளன. வாற்கோதுமைச் சாற்றுடன் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைக்கும்போது, பிசினிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் வடிவம் மாறி நீரில் கரைந்து கசப்பைத் தருகின்றன. இக்கசப்புப் பொருள்களே பியரைப் புளிக்கவைக்கும் இலாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. ஏற்றுமதிப் பியரில் கொதிக்கும்போது இட்ட ஹாப்ஸ் போதாதென்று, பீப்பாயை அடைப்பதற்கு முன் உலர்ந்த கூம்புகளையும் உள்ளே இட்டனர். அவை பயணம் முழுவதும் ஊறி, கசப்போடு மணத்தையும் சேர்த்தன. மேலும் இப்பியரில் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் நொதித்துத் தீரும்வரை விடப்பட்டது. இனிப்பு எஞ்சியிருந்தால் வெப்பத்தில் மீண்டும் நொதித்துப் பீப்பாய் வெடிக்கவோ பியர் கெடவோ வாய்ப்புண்டு. ஆகவே கசப்பை மறைப்பதற்கு இனிப்பே இல்லாத பியர் அது. உருசியாவுக்குச் சென்ற பியரோடு ஒப்பிட்டால் இதன் போதை குறைவு. நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு மதுசாரம் இருந்திருக்கும். இன்றைய வழக்கமான பியரோடு ஒப்பிட்டால் இது வலிய பியரே.

கதையின் நம்பகத்தன்மை

தேநீர்க் கெண்டிக் கதை ஜான் ஸ்டீவன்சன் புஷ்னன் என்பவர் பர்ட்டன் பியரைப் பற்றி எழுதி 1853 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலின் வழியே பரவியது. நிகழ்ச்சி நடந்ததாகக் கூறப்படும் காலத்துக்கும் நூலுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் உள்ளன. அப்போது அல்சொப் உயிருடன் இல்லை. நூலும் அல்சொப் நிறுவனத்தின் புகழைப் பரப்பும் நோக்கில் அமைந்ததே. எனவே விருந்தில் பேசப்பட்ட பேச்சுக்களையும் துப்பிய காட்சியையும் அப்படியே வரலாறாக ஏற்க இயலாது. உருசியத் தடை, ஹாட்ஜ்சன் ஆலையின் போக்கு, பர்ட்டன் பியர் அடுத்த ஆண்டே இந்தியாவுக்குச் சென்றது ஆகியவை மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதவை. புதிய சரக்கைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி வீணாக்காமல் சிறு கலத்தில் சோதிப்பது எந்தத் தொழிலாளியும் செய்யக்கூடியதே என்பதால், கெண்டி இருந்திருக்கவும் கூடும்.

இதைப் போன்ற மற்றொரு கதையும் உண்டு. 1827 ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல் ஒன்று லிவர்ப்பூல் அருகே உடைந்ததாகவும், மீட்கப்பட்ட பீப்பாய்கள் ஏலத்தில் விற்கப்பட்டதாகவும், அதன் மூலமே இங்கிலாந்து மக்கள் இப்பியரை முதலில் சுவைத்ததாகவும் அக்கதை கூறுகிறது. இது 1869 ஆம் ஆண்டில் வெளியான நூலொன்றில் காணப்படுகிறது. ஆனால் இந்தியாவுக்கென்று காய்ச்சிய வெளிர்நிறப் பியர் 1822 ஆம் ஆண்டிலேயே இலண்டன் நாளிதழில் விளம்பரம் செய்யப்பட்டிருப்பதால் கப்பல் கதை நிலைக்கவில்லை. இந்தியா பேல் ஏல் என்னும் பெயர் அச்சில் முதலில் காணப்படுவது இங்கிலாந்திலோ இந்தியாவிலோ அன்று. 1829 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சிட்னி நகரில் வெளியான செய்தித்தாளின் விளம்பரத்திலாகும்.

பர்ட்டன் நீர்

அல்சொப்பின் முயற்சி வெற்றி பெற்றதற்கு அவர் அறியாத ஒரு காரணமும் இருந்தது. பர்ட்டன் ஆலைகள் டிரென்ட் ஆற்று நீரைப் பயன்படுத்தவில்லை. கிணற்று நீரையே பயன்படுத்தின. அந்நிலத்தடியில் ஜிப்சம் படிவுகள் உள்ளதால் நீரில் கால்சியம் சல்பேட்டு மிகுதியாகக் கரைந்துள்ளது. இத்தகைய நீரில் காய்ச்சினால் பியர் நிறம் ஏறாமல் தெளிவாக இருக்கும். ஹாப்சின் கசப்பும் நாவில் தங்கிக் கரகரக்காமல் துலக்கமாக வெளிப்பட்டு அடங்கும். இலண்டனின் நீர் கார்பனேட்டு மிகுந்தது. கரிய போர்ட்டருக்கு அது பொருந்தும், வெளிர்நிறப் பியருக்குப் பொருந்தாது. ஆகவே ஒரே செய்முறையைப் பின்பற்றியும் பர்ட்டன் பியர் ஹாட்ஜ்சன் பியரைவிடத் தெளிந்த சுவையுடன் அமைந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்வதற்கு அண்டையிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து கிடைக்கும் களிமண் துணையானது போல, பர்ட்டனின் பியருக்கு அதன் மண்ணடி ஜிப்சம் துணையானது எனலாம். ஆனால் பர்ட்டன்காரர்கள் நெடுங்காலம் இதற்கான விளக்கத்தை அறியாமலே தம் நீரைப் பெருமையாகப் பேசிவந்தனர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதியியலாளர்கள் காரணத்தை அறிந்தபின், பிற ஊர்களின் ஆலைகள் தம் நீரில் ஜிப்சத்தைக் கலந்து பர்ட்டன் நீரைப் போலச் செய்யத் தொடங்கின. இம்முறை இன்றும் அந்நகரின் பெயராலேயே வழங்குகிறது.

இந்தியாவில் விற்பனை

அல்சொப்பின் முதல் இந்தியச் சரக்கு 1823 ஆம் ஆண்டில் அனுப்பப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை நீடித்த பயணம் அது. அனுப்பிய பியர் கெட்டுப்போனதா, விற்றதா என்று அறிய அல்சொப் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. முடிவு தெரிவதற்கு முன்பே அடுத்த குளிர்காலத்துக்கான சரக்கைக் காய்ச்சியாக வேண்டும். ஒரு பருவம் பிழைத்தாலும் இரண்டு பருவ முதலும் போய்விடும்.

சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்கும். பீப்பாய்கள், ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் இறக்கப்பட்டு, அலைகளின் ஊடே நம் மீனவர்களால் கரைக்குக் கொண்டுவரப்பட்டன. பீப்பாயில் வந்த பியர் இங்கு புட்டிகளில் அடைக்கப்பட்டு விற்கப்பட்டது. பனிக்கட்டி கிடைக்காத அந்நாளில் புட்டிகளை வெடியுப்பு கரைத்த நீரில் வைத்துக் குளிரவைத்தனர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி 1833 ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடைந்தது. சென்னையில் அதற்கென்று 1840களில் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுசே இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. அல்சொப்பின் வாழ்நாளில் சென்னையில் குடிக்கப்பட்ட அவருடைய பியர் பெரும்பாலும் பனிக்கட்டியைக் காணாததே.

இப்பியர் கம்பெனியின் அதிகாரிகள், படைத்தலைவர்கள், வணிகர்கள் ஆகியோரின் பானமாக இருந்தது. சாதாரணப் படைவீரர்களுக்கு இது எட்டாத விலை. அவர்களுக்குச் சாராயமும் பின்னர் போர்ட்டருமே கிடைத்தன. இந்திய வரலாற்றில் இடம்பெற்ற பியராயினும் இந்தியர்கள் இதைக் குடித்தது மிக அரிது. நாட்டின் பெயரைத் தாங்கிய இப்பொருளில் நாட்டு மக்களின் பங்கு பெரும்பாலும் சுமந்து இறக்கியதும் குளிரவைத்துப் பரிமாறியதுமே.

முதலில் ஹாட்ஜ்சன் பெயருக்கே பழகியிருந்த வாங்குவோர், சில ஆண்டுகளில் பர்ட்டன் பியரை ஏற்றுக்கொண்டனர். இதன் பயனை அல்சொப் தனியாக நுகர முடியவில்லை. அதே ஊரைச் சேர்ந்த பாஸ், சால்ட் ஆகிய ஆலைகளும் உடனே அவரைப் பின்தொடர்ந்தன. 1830களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்ற பியரில் பாஸ் ஆலையின் பங்கு அல்சொப்பின் பங்கைவிடப் பல மடங்கு மிகுந்திருந்தது. வழியைக் கண்டவர் ஒருவர், அவ்வழியில் முந்திச் சென்றவர் மற்றொருவர். எனினும் பர்ட்டன் ஆலைகள் ஒன்றாகச் சேர்ந்து ஹாட்ஜ்சன் ஆலையின் தனியாட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தன. அல்சொப்புக்கு மார்ச்பேங்க்ஸ் காட்டிய வழி நகரம் முழுவதையும் பிழைக்கவைத்தது.

மறைவு

சாமுவேல் அல்சொப் 1838 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆம் நாள் காலமானார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் பர்ட்டனுக்குத் தொடர்வண்டிப் பாதை வந்தது. கால்வாயில் நாட்கணக்கில் ஊர்ந்து சென்ற பீப்பாய்கள் அதன்பின் விரைவாக இலண்டனை அடைந்தன. இந்தியாவுக்கெனக் காய்ச்சிய கசப்புப் பியர் இங்கிலாந்து நகரங்களின் அன்றாடப் பியராக மாறியதும், பர்ட்டன் உலகின் பெரும் பியர் நகரங்களுள் ஒன்றானதும் அதன் விளைவே. அல்சொப் இவற்றைக் காணவில்லை.

எட்டிக்காய்ச் சர்ச்சை

அல்சொப்பின் மறைவுக்குப் பின் அவருடைய பெயர் தாங்கிய பியரின் கசப்பே அதற்கு ஆபத்தாக வந்தது. 1852 ஆம் ஆண்டில், ஆங்கிலேயப் பியர் ஆலைகள் கசப்புக்காக ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சைக் கலக்கின்றன என்ற செய்தி பாரிசிலிருந்து கிளம்பி இங்கிலாந்து இதழ்களில் பரவியது. ஸ்ட்ரிக்னின், தமிழ்நாட்டுக் காடுகளிலும் காணப்படும் எட்டி மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படுவது. 1818 ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர்களால் பிரித்தெடுக்கப்பட்டது. மிகச் சிறிய அளவிலும் கடுங்கசப்பைத் தரும் இந்நஞ்சு பியரில் கலந்திருக்கும் என்று மக்கள் எளிதில் நம்பினர்.

அப்போது நிறுவனத்தை நடத்திய ஹென்றி அல்சொப், தாமசு கிரஹாம், ஹாஃப்மன் ஆகிய இரு வேதியியலாளர்களிடம் பியரை ஆய்வுக்கு ஒப்படைத்தார். செருமானிய அறிஞர் லீபிக்கின் கருத்தையும் நாடினார். ஆய்வில் நஞ்சு ஏதும் காணப்படவில்லை. பியருக்கு வேண்டிய கசப்பை எட்டிச்சத்தால் தருவதானால் குடிப்பவர் உயிர் பிழைக்கமாட்டார் என்றும், பர்ட்டன் முழுவதற்கும் தேவைப்படும் அளவு எட்டிச்சத்து உலகில் எங்கும் உற்பத்தியாகவில்லை என்றும் வேதியியலாளர்கள் சுட்டிக்காட்டினர். அந்த அறிக்கையை ஹென்றி விளம்பரமாகவே பரப்பினார். உணவுக் கலப்படம் பற்றிய ஐயத்தை வேதியியல் ஆய்வின் மூலம் தீர்த்த தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

நிறுவனத்தின் பிற்காலம்

ஹென்றி அல்சொப்புக்கு 1886 ஆம் ஆண்டில் ஹிண்ட்லிப் பிரபு என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அவர் மறைந்த 1887 ஆம் ஆண்டிலேயே நிறுவனம் பங்குகளை வெளியிட்டுப் பொது நிறுவனமாக மாறியது. பங்கு வாங்கியோர் எதிர்பார்த்த இலாபம் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடன் முற்றி நிறுவனம் நிருவாகப் பொறுப்பாளரின் கைக்குச் சென்றது. 1934 ஆம் ஆண்டில் அண்டை ஆலையான இண்ட் கூப் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. 1959 ஆம் ஆண்டில் அல்சொப் என்னும் பெயரும் நிறுவனப் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. செங்கை வடிவிலான அதன் வணிகக்குறி பழைய புட்டிகளிலும் சுவர் விளம்பரங்களிலும் எஞ்சியது. 2020களில் அக்குடும்பத்தின் வழித்தோன்றல் ஒருவர் அதே பெயரிலும் குறியிலும் பியர் விற்பனையை மீண்டும் தொடங்கினார்.

இந்தியாவில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கசவுலி போன்ற இமயமலை ஊர்களிலும் நீலகிரியிலும் பியர் ஆலைகள் ஏற்பட்டபின் இறக்குமதி தேய்ந்தது. தென்னிந்திய ஆலைகள் சிலவற்றை இணைத்துத் தாமசு லீஷ்மன் 1915 ஆம் ஆண்டில் யுனைட்டெட் புரூவரீஸ் நிறுவனத்தை அமைத்தார். இதற்கிடையே கசப்பு குறைந்த, குளிர்ச்சியாகக் குடிக்கப்படும் லாகர் வகைப் பியர் உலகெங்கும் பரவியது. இந்தியாவிலும் அதுவே நிலைபெற்றது.

ஹாப்ஸ் மிகுந்த ஐபிஏ இங்கிலாந்திலேயே மெலிந்து, பெயரளவில் மட்டும் எஞ்சியிருந்த நிலையில், 1970களுக்குப் பின் அமெரிக்கச் சிற்றாலைகள் அதற்கு மறுவாழ்வு அளித்தன. பழைய ஆங்கில ஹாப்சுக்கு மாறாக நாரத்தை, எலுமிச்சைத் தோல், பிசின் போன்ற மணம் வீசும் புதிய அமெரிக்க வகைகளை அவை பயன்படுத்தின. 2000களின் பிற்பகுதியிலிருந்து குருகிராம், பெங்களூரு முதலிய நகரங்களில் தோன்றிய சிற்றாலைகளிலும் ஐபிஏ காய்ச்சப்படுகிறது. இமாசலப் பிரதேசத்தின் லாகவுல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் சிறிதளவு பயிராகிறது. ஆறு மாதக் கடற்பயணத்தைத் தாங்குவதற்காக இடப்பட்ட கசப்பு, இப்போது காய்ச்சிய இடத்திலேயே, காய்ச்சிய சில வாரங்களுக்குள் அருந்தப்படுகிறது.